பச்சையாகாத தண்ணீர்

மூன்று வருஷம் நான் சம்பளத்துக்குப் பாசி வளர்த்தேன். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். முதலில் எனக்கும் வந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் பாசியைத் தேய்த்துக் கழுவத்தான் பழகியவர்கள். கிணற்றடி, தண்ணீர்த் தொட்டி, குளியலறைச் சுவர் என்று மழைக்காலம் முழுக்க அதே தேய்ப்புத்தான். நானோ படித்துப் பட்டம் வாங்கி, நேர்முகப் பரீட்சைக்குப் போய், நியமனக் கடிதத்தைப் பைலில் போட்டுப் பத்திரப்படுத்திக்கொண்டு, அதை வளர்க்கப் போனேன். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் மாமி, "எங்கட மருமக பாசிக்குத் தொட்டில் கட்டி ஆட்டுறா" என்று சொல்லுவார். அதில் பாதி உண்மையும் இருந்தது. பாசிக் குடுவைகளை ஒரு நாளைக்கு மூன்று தடவை கையால் ஆட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடியில் படிந்துவிடும்.

ஊர்ப் பெயர் எழுதப்போவதில்லை. மாத்தளை மாவட்டத்தில் ஒரு நகரம் என்பது போதும். அந்த நகரத்தின் கக்கூஸ் தண்ணீரும் குளிக்கிற தண்ணீரும் கடைகளின் கழுவல் தண்ணீரும் குழாய்களில் வந்து சேருகிற சுத்திகரிப்பு நிலையத்தில்தான் எனக்கு வேலை. ஊரில் எல்லோரும் அதை 'பிளான்ட்' என்பார்கள். அழுக்குத் தண்ணீர் ஒரு பக்கத்தால் உள்ளே வரும்; தொட்டி தொட்டியாக நின்று, காற்று வாங்கி, மண்டி இறங்கி, கடைசித் தொட்டியில் கிருமி சாக ப்ளீச்சிங் பவுடர் கரைசல் கலந்து, கண்ணாடி மாதிரி மறுபக்கத்தால் ஓர் ஓடையில் போய் விழும். அந்தக் கடைசித் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று பார்த்துக் கையெழுத்து வைப்பது என் வேலை. சின்ன லெபோரட்டரி, ஒரு மைக்ரோஸ்கோப், இரண்டு அலுமாரி, நான்.

எனக்கு மேலே இருந்த அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர்; எங்களுக்கு அவர் 'சேர்'. ஒரு ரூபாய் லஞ்சம் வாங்காதவர். மேசையில் ஒரு கடதாசி கோணலாகக் கிடந்தாலும் சகிக்காதவர். அவரைக் கெட்ட மனுஷன் என்று எழுதிவிட்டால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருக்கும். அப்படி எழுத முடியாது என்பதுதான் என் எரிச்சல். பாசிச் சோதனையை ஒரு பயிற்சிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். "பிள்ளை, மெஷின் நாங்கள் கேட்டதுக்கு மட்டும்தான் மறுமொழி சொல்லும். பாசி கேளாததுக்கும் சொல்லும்" என்றார். தண்ணீரில் என்ன விஷம் இருக்கிறதென்று நமக்கே தெரியாதபோது எந்த மருந்தை ஊற்றித் தேடுவது? பாசியை விட்டுப் பார்த்தால் போதும். அது நன்றாக வளர்ந்தால் தண்ணீரில் உயிர் வாழலாம். வளராவிட்டால் ஏதோ இருக்கிறது. எனக்கு அது பிடித்துப்போயிற்று. இவ்வளவு நேர்மையான சோதனையை நான் படித்த எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை.

செய்முறை பெரிய வித்தை இல்லை. வெளியேறுகிற தண்ணீரைப் போத்தலில் பிடித்து, வடித்து, குடுவைகளில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் பாசி வளர வேண்டிய சத்தும் பாசியும் ஒரே அளவு விடுவேன். பக்கத்தில் சுத்தமான தண்ணீரில் இன்னொரு வரிசைக் குடுவை. டியூப்லைட் வெளிச்சத்தில் மூன்று நாள். பிறகு ஒரு துளியை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்து, கட்டம் போட்ட கண்ணாடியில் பாசி அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணுவேன். கண் பூத்துப்போகும். எங்கள் தண்ணீரில் பாசி ஒவ்வொரு மாதமும் சுத்தத் தண்ணீரில் இருந்ததைவிடக் கூடுதலாகவே வளர்ந்தது. கழிவுத் தண்ணீரில் உரச்சத்து மிச்சம் இருக்கும், அதனால் அப்படி என்று சேர் விளக்கம் சொன்னார். அறிக்கையில் "நச்சுத்தன்மை காணப்படவில்லை" என்று எழுதுவேன். கீழே என் கையெழுத்து; அதற்கும் கீழே அவருடையது.

போத்தல் கதையையும் சொல்ல வேண்டும். எங்களிடம் இரண்டு வகைப் போத்தல்கள் இருந்தன. ஒன்று சாதாரணக் கண்ணாடிப் போத்தல். அவை பிளான்ட்டில் நிலைத்ததே இல்லை. இன்று பத்து வாங்கி வைத்தால் அடுத்த மாதம் நான்கு இருக்கும். மிச்சம் யாரோ வீட்டில் இஞ்சி பூண்டு அரைத்து நிரப்பிவைத்திருப்பார்கள். மற்றது கிருமிச் சோதனைக்கான போத்தல். அவற்றை நானே கழுவி, உள்ளே தயோசல்பேட் என்ற மருந்தில் சில துளி விட்டு, மூடிக்கு வெள்ளித்தாள் சுற்றி, பெரிய பிரஷர் குக்கர் மாதிரியான ஒன்றில் அவித்து எடுத்து, பூட்டுப் போட்ட அலுமாரியில் அடுக்குவேன். வெள்ளித்தாள் சுற்றிய போத்தலை யாரும் தொட மாட்டார்கள். அது 'நல்ல போத்தல்'. சுத்தம் என்றால் எனக்கு ஒரு திமிர் உண்டு. உம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி. தலைவாசலில் செருப்பு ஜோடி பிசகினாலும் எங்கள் வீட்டில் பேச்சு விழும். பாசிச் சோதனைக்கு 'சுத்தமான போத்தல்' என்றுதான் கையேட்டில் போட்டிருந்தது. நான் யோசிக்கவே இல்லை. இருப்பதிலேயே சுத்தமான போத்தலில்தான் பாசிக்கும் தண்ணீர் பிடித்தேன்.

இனி என் நானா. எனக்கு ஒரே ஒரு அண்ணன். பத்து வருஷத்துக்கு மேல் கட்டாரில் டிரைவர் வேலை பார்த்துவிட்டு வந்து, பிளான்ட்டுக்குக் கீழே, ஓடையின் இரண்டாவது வளைவில் ஒரு காணித் துண்டு எடுத்து அலங்கார மீன் வளர்த்தார். சீமெந்துத் தொட்டி எட்டு, மண் குளம் மூன்று. கப்பி, மோலி, தங்க மீன். தம்புள்ளை, நாலந்தா, கண்டி என்று கடைக்காரர்கள் வந்து பைகளில் காற்றடித்து எடுத்துப்போவார்கள். டெங்கு காலத்தில் நுளம்புக் குடம்பி தின்னக் கப்பி கேட்டுச் சுகாதாரக்காரர்களும் வருவார்கள். நானா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனால் மீன் விஷயத்தில் அவரிடம் வாய் கொடுக்க முடியாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், மீன் செத்துப்போகும் என்று அதை அவர் தொட மாட்டார். ஓடைத் தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கி எடுப்பார்.

பிளான்ட் கட்டியபோது ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவர் அவர்தான். அதுவரை நகரத்துச் சாக்கடைக் கானெல்லாம் நேரே ஓடையில்தான் விழுந்தது. "இனி கவல இல்ல, என்ட தங்கச்சி மேல இருந்து பாத்துக்குவா" என்று மதினியிடம் சொல்லிச் சிரித்தாராம். மதினி அதை எனக்குச் சொன்ன நாளில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிளான்ட் ஓடத் தொடங்கிய இரண்டாவது வருஷம் அவருடைய மீன் குஞ்சுகள் செத்தன. முதலில் ஒரு தொட்டி, பிறகு மூன்று. பெரிய மீன் வாயை மேலே வைத்துக்கொண்டு திரிந்தது. குஞ்சுகள் உயிரோடு நிற்கவே இல்லை. குஞ்சுகளுக்குத் தீனி போட நானாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு தொட்டியில் ஓடைத் தண்ணீரை நிரப்பி, கொஞ்சம் மாட்டுச் சாணியைச் சாக்கில் கட்டித் தொங்கவிட்டு, வெயிலில் நாலைந்து நாள் விடுவார். தண்ணீர் பச்சைப்பசேல் என்று மாறிவிடும். அந்தப் பச்சைத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பூச்சி உண்டாகும். அதைத் தின்றுதான் குஞ்சு வளரும். அந்தத் தொட்டி பச்சையாவது நின்றுபோயிற்று.

ஒரு சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெரிய சோடாப் போத்தல் நிறையத் தண்ணீர். உட்காரக்கூட இல்லை.

"புள்ள, தண்ணி பச்சையாக மாட்டேங்குது" என்றார். "பத்து நாளாச்சு. சாணி போட்டும் பாத்துட்டேன், உரம் போட்டும் பாத்துட்டேன். பைப் தண்ணி மாதிரி ஒரு மணம் வருது. பைப் தண்ணின்னா ஒரு நாள் வெயில்ல வெச்சா சரியாப்போகும். இது மூணு நாள் வெச்சாலும் மீன் நிக்கிதில்ல. நீ அந்த மெசின்ல ஒருக்கா போட்டுப் பாரேன்."

அன்றைக்கு நான் பேசிய பேச்சை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. சாணி கூடினால் மீன் சாகும், தொட்டியில் நெருக்கமாக விட்டால் சாகும், நோய்க்கு மருந்தடித்தாலும் பாசி வளராது என்று அடுக்கினேன். "எங்கட தண்ணில பாசி நல்லா வளருது நானா. நல்ல தண்ணிய விடக் கூட வளருது. நான் என்ட கண்ணால எண்ணுறேன்" என்றேன். அவர் கொண்டுவந்த தண்ணீரைச் சோதித்தேனா என்றால், இல்லை. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, யார் எடுத்தது என்று லேபிள் இல்லாத தண்ணீரை லெபோரட்டரிக்குள் எடுப்பதில்லை. அது எங்கள் சட்டம். அதை அவரிடம் சொல்லவும் சொன்னேன். சொந்த நானாவிடம். அவர் போத்தலை வாசலில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து மாமி அதை ரோஜாச் சட்டிக்கு ஊற்றிவிட்டு, போத்தலைக் கழுவிக் குசினியில் வைத்தார்.

நானா விடுகிற ஆள் இல்லை. ஓடை ஓரமாக மேலே நடந்து வந்து, எங்கள் குழாய் விழுகிற இடத்துக்கு மேலே மீன் குஞ்சு இருக்கிறது, கீழே இல்லை என்று பார்த்திருக்கிறார். யாரையோ பிடித்து ஒரு மனு எழுதிக் கொடுத்தார். பிளான்ட் தண்ணீரால் மீன் சாகிறது, பார்த்துத் தீர்வு வேண்டும் என்பதுதான் அதில் இருந்தது. மனு பிளான்ட் கந்தோருக்கு வந்ததும் சேர் என்னைக் கூப்பிட்டு, "இது உம்மட அண்ணரோ?" என்று கேட்டார். ஆம் என்றேன். "அப்ப நீர்தான் கூட்டத்துக்குக் கட்டாயம் வரவேணும். பிறகு, தங்கச்சி ஒளிச்சுப்போட்டாள் எண்டு கதை வரக் கூடாது" என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அவர் சொன்னதில் ஒருநாளும் ஒரு பிழையும் இருந்ததில்லை.

கூட்டம் பிளான்ட் மண்டபத்தில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்தாறு உத்தியோகத்தர்கள், இந்தப் பக்கம் ஒரு கதிரையில் நானா. பள்ளிவாசலுக்குப் போகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கொண்டுவந்த செத்த மீன் பையைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்லிவிட்டார்கள், மணக்கும் என்று. சேர் மாதாமாதம் போன அறிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கிருமி இல்லை. நச்சுத்தன்மை இல்லை. பாசி வளர்ச்சி மிக நன்று. பிறகு கடைசித் தாளைத் திருப்பி நானா பக்கம் தள்ளினார்.

"இதில கையெழுத்து வச்சிருக்கிறது ஆர் எண்டு பாருங்கோ. உங்கட சொந்தத் தங்கச்சி. அவ பொய் எழுதுவாவோ?"

நானா தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் சேரைப் பார்த்தேன். சேர் தலையை ஆட்டினார். நான் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"ரிப்போட் சரி நானா. தண்ணில ஒன்னும் இல்ல."

 நானா, "அப்ப சரி. மனுவ நான் வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார். பேனை கேட்டு, அவர்கள் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார். போகும்போது வெளியில் இருந்த மீன் பையை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஒரு நிம்மதி. சொந்தபந்தம் பார்க்காமல் விஞ்ஞானம் பேசிய பெண் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு மரியாதை. அன்று மாலை பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன். அந்த நிமிர்வை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

ஆறு மாதத்துக்குள் நானா மீனை விட்டார். மண் குளங்களை மூடி வாழைக் கன்று வைத்தார். தொட்டிகளில் மதினி கீரை போட்டார். நானா ஒரு த்ரீவீல் எடுத்துக்கொண்டு பல்லேபொல ஊர்ப் பக்கம் வீட்டுத் தோட்டங்களில் மிளகும் கிராம்பும் வாங்கி நகரத்துக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினார். அது அவருக்குப் பிடித்த வேலை இல்லை. வீட்டுக்கு வீடு நின்று பேரம் பேசுகிற வாய் அவருக்கு இல்லை. பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார், பிள்ளைகளுக்குக் கையில் காசு கொடுத்தார், சிரித்தார். மீனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. தொழில் தெரியாமல் செய்து நஷ்டப்பட்டவர் என்று என் மனதுக்குள் அவரை எழுதி வைத்துவிட்டேன்.

அதற்கு ஒரு வருஷம் கழித்துப் போத்தல் அவிக்கிற குக்கரின் ரப்பர் வளையம் போயிற்று. கொழும்பிலிருந்து வர வேண்டும் என்றார்கள். வெள்ளித்தாள் போத்தல் ஒன்றும் மிச்சம் இல்லை. கிருமிச் சோதனையைத் தள்ளிப்போட்டேன். பாசிச் சோதனையைத் தள்ள மனமில்லை. குடுவையில் பாசி நல்ல வளர்ச்சியில் இருந்தது. சாதாரணப் போத்தல் ஒன்றைத் தேடிப் பிடித்து, கொதிநீரில் கழுவி, அதில் தண்ணீர் எடுத்தேன்.

மூன்றாம் நாள் சுத்தத் தண்ணீர்க் குடுவை பச்சை. எங்கள் தண்ணீர் ஊற்றிய குடுவைகள் வெறும் தண்ணீர். விட்ட பாசியே வெளிறிப்போய் அடியில் தூசி மாதிரிக் கிடந்தது.

முதலில் போத்தலைத்தான் திட்டினேன். எவனோ இதில் மண்ணெண்ணெய் வைத்திருப்பான் என்று புதிதாக ஒரு போத்தல் வாங்கி, கழுவு கழுவென்று கழுவி, மறுபடி எடுத்தேன். மறுபடியும் வெறும் தண்ணீர். வளையம் வந்து சேர்ந்ததும் வெள்ளித்தாள் போத்தலிலும் சாதாரணப் போத்தலிலும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்று பச்சை, ஒன்று வெறுமை. தண்ணீர் ஒன்றுதான். வேறு எதுவும் வித்தியாசம் இல்லை, நான் என் கையால் விட்ட அந்தச் சில துளி மருந்தைத் தவிர.

தயோசல்பேட் குளோரினை முறிக்கிற மருந்து. கிருமிச் சோதனைக்கு அது வேண்டும். போத்தலில் தண்ணீர் இருக்கிற நேரமெல்லாம் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே இருந்தால் சோதனை பொய்யாகிவிடும். அதனால் முறித்துவிட்டுப் பார்க்கிறோம். பாசிச் சோதனையில் அதே துளி என்ன செய்யும்? பாசியைக் கொல்லப்போகிற குளோரினை, பாசி அதைத் தொடுவதற்கு முன்பே முறித்துவிடும். நான் மாதாமாதம் தண்ணீரில் இருந்த விஷத்தை எடுத்துவிட்டு, தண்ணீரில் விஷம் இல்லை என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். ஓடைக்கு யார் தயோசல்பேட் விட்டார்கள்? முதலாம் வருஷத்து மாணவிக்குத் தெரிந்த விஷயம் இது. எனக்கும் தெரியும். ஒரு கையால் விடுவது மறு கைக்குத் தெரியாமல் இரண்டு வருஷத்துக்கு மேல் வேலை செய்திருக்கிறேன்.

பவுடர் கலக்கிற ஒப்பரேட்டரிடம் போய் எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் சிங்கள ஆள், நல்ல மனுஷன், ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. குளோரின் அளந்து பார்க்கிற மாத்திரை முடிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது மிஸ், மூக்கால் பார்த்துத்தான் போடுகிறேன் என்றார். ஒருமுறை கிருமி கூடி அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. அதிலிருந்து மணம் நன்றாக வரும்வரை போடுவாராம். கடிதத்துக்குப் பயந்து அவர் கூட்டினார். என் போத்தல் அதை மறைத்தது. கழிவுத் தண்ணீரில் மிச்சம் இருக்கிற அமோனியாவோடு சேர்ந்த குளோரின் வெயிலில் வைத்தாலும் சுலபத்தில் போகாது. மூன்று நாள் வைத்தாலும் மீன் நிற்கவில்லை என்று நானா சொன்னதற்கு அதுதான் காரணம். எட்டாம் வகுப்பு மனுஷன் ஒரு தொட்டியையும் ஒரு பிடி சாணியையும் வைத்துக்கொண்டு சரியான பாசிச் சோதனை செய்திருக்கிறார். நான் மைக்ரோஸ்கோப்பை வைத்துக்கொண்டு பிழையாகச் செய்து அவரைப் பொய்யனாக்கியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதி சேரிடம் கொடுத்தேன். வாசித்தார். மறுபடி வாசித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீர் சொல்லுறது சரி. இது எனக்கும் பிடிபடயில்லை, வெட்கம்தான்" என்றார். "இனி வேற போத்தில் பாவியும். ஆனால் பழைய ரிப்போட்டுகளைக் கிண்டாதையும் பிள்ளை. எல்லாத்திலயும் உம்மட கையெழுத்து, என்ர கையெழுத்து. ஆர் நம்பப் போகினம், தெரியாமல் செய்தது எண்டு?"

"எங்கட நானாட குளம் போயிட்டுது சேர்."

"அது மூடின குளம். எங்கட கடதாசியால திரும்பி வராது."

என் இரண்டு பக்கத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். அடுத்த மாதம் சரியான போத்தலில் எடுத்து, பாசி வளரவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கு அடுத்த மாதம் பாசிச் சோதனை கட்டாயம் இல்லை, கிருமிச் சோதனை போதும் என்று கடிதம் வந்தது. குடுவைகளைக் கழுவி அலுமாரியில் வைக்கச் சொன்னார்கள். மூன்று வருஷம் வளர்த்ததைக் கழுவும் தொட்டியில் ஊற்றினேன். ஒப்பரேட்டர் நான் சொன்னதற்காகப் பவுடரைக் குறைத்தார்; கிருமி கூடியது; மறுபடி கடிதம் வந்தது; மறுபடி கூட்டினார். அவரை நான் என்ன சொல்ல?

எழுதிக் கொடுத்தது லாச்சிக்குள் போயிற்று. வாயால் சொல்ல ஓர் ஆள் மட்டும் மிச்சம் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நானா வீட்டுக்குப் போனேன். மதினி பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார். நானா முற்றத்தில் படங்கு விரித்து மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொல்லத் தொடங்கினேன். போத்தல், வெள்ளித்தாள், மருந்துத் துளி, குளோரின், பாசி எல்லாம். நடுவில் அழுகை வந்து இரண்டு தடவை நிறுத்தினேன். அவர் மிளகைக் கையால் பரத்திக்கொண்டே கேட்டார். முடித்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, எனக்கு ஒரு கதிரை எடுத்துப் போட்டார்.

"உட்காரு. இதெல்லாம் எனக்கு விளங்காது புள்ள" என்றார். "ஆனா தண்ணி கெட்டதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். கூட்டத்துக்கு வர முந்தின நாளும் உங்கட குழாய்க்குக் கீழ மீன விட்டுப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"தெரிஞ்சிருந்துமா வாபஸ் வாங்கினீங்க?"

"பின்ன? நீ அந்த சேர்ட மொகத்தப் பாத்த. பாத்துட்டுத்தான் எழும்பிப் பேசின. நான் கண்டேன். வேல போயிடும்னு பயத்துல நீ சொல்றன்னு வெளங்கிச்சு. நான் இன்னும் ரெண்டு கேள்வி கேட்டா நீ பொய் சொன்னது அத்தன பேருக்கு முன்னால வெளிய வந்திருக்கும். உனக்கு ரெண்டு புள்ளைக. மீனு எனக்குப் பெருசில்ல."

நான் பொய் சொல்லவில்லை என்றேன். சத்தியமாக அன்றைக்கு அந்த அறிக்கையை நம்பித்தான் சொன்னேன், போத்தலில்தான் பிழை, இப்போதுதான் கண்டுபிடித்தேன் என்றேன். போத்தல் கதையை மறுபடி முதலில் இருந்து சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லும்போது அது எனக்கே ஜோடித்த கதை மாதிரிக் கேட்டது. ஒன்றரை வருஷமாக இந்த மனுஷன் என்னைப் பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டே பெருநாளைக்கு வந்து என் பிள்ளைகளுக்குக் காசு கொடுத்திருக்கிறார். எனக்காகக் குளத்தை மூடியிருக்கிறார். அவர் காப்பாற்றின பொய் அங்கே இருக்கவே இல்லை.

"சரி சரி, அழாத" என்றார். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"நான் வெளிய சொல்லிடுவேன்னு பயந்துக்கிட்டா வந்த? பயப்படாத புள்ள. மதினிக்கிட்டக்கூட நான் சொல்லல. இனியும் சொல்ல மாட்டேன்."